‘இவர்தான் ஜெயிப்பார்!’ - கூண்டுச் சண்டைக் கணிப்பு எப்போது பலிக்கும், எப்போது கவிழும்?

தர்மபுரி மாவட்டம் நல்லம்பள்ளியில் செவ்வாய்க்கிழமை என்றால் வாரச்சந்தை. ஆடு வாங்க வரும் வியாபாரி தராசைத் தேடுவதில்லை. ஆட்டின் முதுகில் கையை வைத்து ஓர் அழுத்து, இடுப்பைப் பிடித்து ஒரு பார்வை. “பன்னிரண்டு கிலோ தேறும்” என்பார். “பதினாலுக்குக் குறையாதுங்க” என்பார் விற்பவர். இரண்டு பேருமே அனுபவசாலிகள். இரண்டு பேரும் ஒரே ஆட்டைத்தான் பார்க்கிறார்கள். யார் கணக்கு சரி என்பது கறிக்கடைத் தராசில் ஏறும்போதுதான் தெரியும்.

இதே கணிப்பு வேலையை ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வேறொரு கூட்டம் செய்கிறது. கையில் செல்போன், திரையில் எண்கோணக் கூண்டு. அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு நடக்கும் யு.எஃப்.சி. சண்டைகள் நமக்கு ஞாயிறு காலை இட்லி நேரத்தில் வந்து சேரும். “அண்ணே, இன்னைக்கு யாருண்ணே ஜெயிப்பா?” என்ற கேள்வியோடு தொடங்கும் அரட்டை, சண்டை முடிந்த பிறகும் ஓயாது.

இந்தக் கணிப்பு நல்ல மூளைப் பயிற்சி. ஆனால், ‘நிச்சயம் ஜெயிப்பார்’ என்ற ஒரு சொல்லை நம்பிப் பணத்தைக் கட்டியவர்களுக்கு அதுவே வலை. கணிப்பு எங்கே பலிக்கிறது, எங்கே கவிழ்கிறது? சில நிஜ சண்டைகளை வைத்தே பார்த்துவிடலாம்.

ஏன் இவ்வளவு கஷ்டம்?

எம்.எம்.ஏ. எனப்படும் மிக்ஸ்டு மார்ஷியல் ஆர்ட்ஸில் குத்தலாம், உதைக்கலாம், தூக்கிப் போடலாம், தரையில் கிடத்திப் பூட்டுப் போடலாம். குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜூடோ, ஜியு-ஜிட்சு, வூஷூ எல்லாம் ஒரே கூண்டுக்குள் கலந்துவிடும். சாதாரண சண்டை 3 ரவுண்டு, பட்டத்துக்கான சண்டை 5 ரவுண்டு. ஒவ்வொரு ரவுண்டும் 5 நிமிடம்.

முடிவு பல வழிகளில் வரலாம். எதிராளி நினைவிழந்தால் நாக் அவுட். அடி தாங்க முடியாத நிலையில் நடுவர் நிறுத்தினால் அது டெக்னிக்கல் நாக் அவுட். பூட்டு தாங்காமல் கையால் தட்டி ஒப்புக்கொண்டால் சப்மிஷன். எதுவும் நடக்காவிட்டால் மூன்று நீதிபதிகளின் மதிப்பெண். கையுறையும் சிறியது, சுமார் 113 கிராம்தான். குத்துச்சண்டைக் கையுறையில் பாதியோ, அதற்கும் குறைவோதான். ஒரே ஒரு குத்து சரியாக விழுந்தால் போதும், அதுவரை போட்ட கணக்கெல்லாம் காலி.

ஔவை பார்த்த ஆயுதக் கிடங்கு

கணிக்க உட்காரும் எல்லோரும் முதலில் பார்ப்பது வெற்றி-தோல்விப் பட்டியலைத்தான். ‘7 சண்டை, 7 வெற்றி’ என்றிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அவர் பக்கம் சாய்ந்துவிடுவோம்.

நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில்தான் அதியமான்கோட்டை இருக்கிறது. இன்றைய தர்மபுரியான தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போன கதை நமக்குத் தெரியும். தொண்டைமான் தன் ஆயுதக் கிடங்கைப் பெருமையாகக் காட்டினான். எல்லாம் நெய் பூசி, அலங்காரம் செய்து, பளபளவென்று இருந்தன. அதியமானின் ஆயுதங்களோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று பதில் சொன்னார் ஔவை. புகழ்வது போலக் குத்திய குத்து அது. பளபளப்பாக இருக்கும் ஆயுதம் இன்னும் சரியாகப் போர் பார்க்கவில்லை என்பதுதான் அதன் பொருள்.

2023-ல் அன்ஷுல் ஜூப்ளிக்கு நடந்ததைப் பார்த்தால் ஔவை சொன்னது புரியும். உத்தரகாண்டைச் சேர்ந்த ஜூப்ளி, கணக்கு வாத்தியாராக இருந்து கூண்டுக்குள் வந்தவர். அந்த ஆண்டு பிப்ரவரியில், ‘ரோடு டு யு.எஃப்.சி.’ இறுதிப் போட்டியில் இந்தோனேசியாவின் ஜெகா சரகியை இரண்டாவது ரவுண்டில் வீழ்த்தி யு.எஃப்.சி. ஒப்பந்தம் பெற்றார். அப்போது அவர் தோல்வியே காணாதவர்.

அடுத்த சண்டை, அக்டோபர் 21-ம் தேதி அபுதாபியில். எதிராளி அமெரிக்காவின் மைக் பிரீடன். யு.எஃப்.சி.யில் அதுவரை ஆடிய 3 சண்டைகளிலும் தோற்றவர். போதாக்குறைக்கு, எடை பார்க்கும் நாளில் அனுமதித்த அளவைத் தாண்டியும் இருந்தார். கணிப்புகள் பெரும்பாலும் ஜூப்ளி பக்கமே சாய்ந்தன. முதல் இரண்டு ரவுண்டுகளில் ஜூப்ளியின் கை ஓங்கியும் இருந்தது. மூன்றாவது ரவுண்டின் மூன்றாவது நிமிடத்தில் பிரீடனின் குத்து விழுந்தது. நாக் அவுட்.

பிரீடனின் அந்த 3 தோல்விகளும் யு.எஃப்.சி. தரத்து வீரர்களிடம் வாங்கிய தோல்விகள். முனை முறிந்த ஆயுதம் அது. அதனால் ஜூப்ளி திறமையில்லாதவர் என்று ஆகிவிடாது. பட்டியலில் எத்தனை வெற்றி என்று எண்ணுவதோடு, யாரிடம் பெற்ற வெற்றி, யாரிடம் வாங்கிய தோல்வி என்றும் பார்க்க வேண்டும் என்பதுதான் இதில் பாடம். 2025 பிப்ரவரியில் சிட்னியில் ஆஸ்திரேலியாவின் குவில்லன் சால்கில்டிடம் ஜூப்ளி தோற்றபோது சண்டை 19 விநாடிதான் நீடித்தது. அந்த 19 விநாடியைப் பட்டியலை மட்டும் பார்த்து யாராலும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது.

முதலையும் தண்ணீரும்

அடுத்து பார்க்க வேண்டியது, சண்டை எங்கே நடக்கப் போகிறது என்பது. ஊரைச் சொல்லவில்லை. நின்றபடி நடக்குமா, தரையில் நடக்குமா?

திருக்குறளில் ‘இடனறிதல்’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஆழமான தண்ணீருக்குள் முதலையை யாராலும் அசைக்க முடியாது, கரையேறிவிட்டால் மற்ற விலங்குகள் அதை வென்றுவிடும் என்கிறார் வள்ளுவர். எம்.எம்.ஏ. பயிற்சியாளர்கள் மணிக்கணக்கில் பேசும் விஷயம் இதுதான். மல்யுத்த வீரருக்குத் தரைதான் தண்ணீர். குத்துச்சண்டை வீரருக்கு அது கரை.

இந்த முதலைக் கதைக்கு நிஜத்தில் ஒரு முதலையே உண்டு. கோலாலம்பூரைச் சேர்ந்த அகிலன் தாணியின் பட்டப்பெயர் ‘அலிகேட்டர்’. தரைச் சண்டையில் கெட்டிக்காரர். 2017 மே மாதம் சிங்கப்பூரில் ஒன் சாம்பியன்ஷிப் பட்டத்துக்காக பென் அஸ்க்ரெனை எதிர்கொண்டபோது அவரும் தோல்வி காணாதவர். ஆனால், அஸ்க்ரென் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக மல்யுத்தம் ஆடியவர். அகிலனின் தண்ணீரில் அவரைவிடப் பெரிய முதலை. முதல் ரவுண்டிலேயே கழுத்துப் பூட்டில் சண்டை முடிந்தது.

அப்படியானால் அஸ்க்ரெனை யார் வெல்வது? 2019 ஜூலை 6-ம் தேதி லாஸ் வேகாஸில் அவரை எதிர்த்தவர் ஜார்ஜ் மாஸ்விடால். அதுவரை தோற்காத அஸ்க்ரென் எப்படியாவது தரைக்கு இழுத்துவிடுவார் என்பதுதான் பலரின் கணக்கு. மணி அடித்ததும் மாஸ்விடால் ஓடிவந்து பறந்து முழங்காலால் இடித்தார். காலைப் பிடிக்கக் குனிந்த அஸ்க்ரென் அப்படியே சாய்ந்தார். 5 விநாடி. யு.எஃப்.சி. வரலாற்றிலேயே அதிவேக நாக் அவுட் அது. முதலை தண்ணீரில் இறங்குவதற்குள் கரையிலேயே கதை முடிந்துவிட்டது.

அகிலன் கதையும் அங்கே நிற்கவில்லை. 2019 ஜூனில் ஷாங்காயில், ஜப்பானின் புகழ்பெற்ற வீரர் யோஷிஹிரோ அகியாமாவை நீதிபதிகளின் ஒருமித்த தீர்ப்பில் வென்றார். ஒரு சண்டையில் தோற்றவரை அடுத்த கணிப்பில் கழித்துக்கட்டக் கூடாது என்பதற்கும் அவரே சாட்சி.

இங்கே இன்னொரு பொறியும் இருக்கிறது. ‘அ’ என்பவர் ‘ஆ’வை வென்றார், ‘ஆ’ என்பவர் ‘இ’யை வென்றார், அதனால் ‘அ’ கட்டாயம் ‘இ’யை வெல்வார் என்ற கூட்டல் கணக்கு. பள்ளிக்கூடக் கணக்கில் சரிவரும். கூண்டுக்குள் வராது. ஒவ்வொரு ஜோடிக்கும் தண்ணீர் வேறு, கரை வேறு.

கடைசி 56 விநாடி

சண்டை தொடங்கும் முன் கணிப்பது கஷ்டம், சரி. பாதி சண்டை பார்த்த பிறகாவது சொல்லிவிடலாமா?

2022 ஆகஸ்ட் 20, அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி. பட்டத்தைக் காக்க வந்தவர் கமாரு உஸ்மான். எதிரே பிரிட்டனின் லியோன் எட்வர்ட்ஸ். முதல் ரவுண்டில் எட்வர்ட்ஸ் நன்றாக ஆடினார். அதன்பின் உஸ்மானின் ஆட்டம்தான். ஐந்தாவது ரவுண்டிலும் அதே கதை. எட்வர்ட்ஸ் சோர்ந்துபோய்விட்டார் என்றே பார்த்தவர்கள் நினைத்தார்கள். சண்டை முடிய 56 விநாடி இருந்தபோது, எட்வர்ட்ஸின் இடது கால் உஸ்மானின் தலையில் பட்டது. உஸ்மான் விழுந்தார். பட்டம் கைமாறியது.

24 நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்ன கணிப்பும் கடைசி நிமிடத்தில் பொய்த்தது. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் ‘ஜெயிப்பார்’ என்று சொல்வதைவிட, ‘10-க்கு 7 வாய்ப்பு’ என்று சொல்வார்கள். மீதி 3 எப்போதும் கூண்டுக்குள்ளேயே நிற்கிறது.

ஒரே சண்டை, மூன்று தீர்ப்பு

இன்னும் ஒரு சிக்கல். சண்டை முழுதாக முடிந்த பிறகும் யார் ஜெயித்தார் என்று சொல்ல முடியாமல் போகலாம்.

உத்தரப்பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்திலிருந்து வந்த பூஜா தோமர், வூஷூவில் தேசிய அளவில் சாதித்தவர். 2024 ஜூன் 8-ம் தேதி, அமெரிக்காவின் லூயிவில் நகரில் பிரேசிலின் ரயானே டோஸ் சான்டோஸை எதிர்கொண்டார். மூன்று ரவுண்டும் முழுதாக நடந்தது. தீர்ப்பு நீதிபதிகள் கையில்.

முதல் நீதிபதி 30-27 என்று பூஜாவுக்கு. அதாவது மூன்று ரவுண்டும் பூஜாவுக்கே. இன்னொருவர் 27-30. அவர் பார்வையில் மூன்று ரவுண்டும் ரயானேவுக்கு. மூன்றாமவர் 29-28 என்று பூஜாவுக்குக் கொடுத்தார். பூஜா வென்றார். யு.எஃப்.சி.யில் சண்டை வென்ற முதல் இந்தியப் பெண் என்ற பெயர் வரலாற்றில் ஏறியது.

கூண்டின் ஓரத்திலேயே உட்கார்ந்து பார்த்த, பயிற்சி பெற்ற இரண்டு நீதிபதிகளுக்கு ஒரே சண்டை தலைகீழாகத் தெரிந்திருக்கிறது. சந்தையில் 12 கிலோவுக்கும் 14 கிலோவுக்கும் நடக்கும் வாதத்தில்கூட இவ்வளவு இடைவெளி கிடையாது. பிறகு 2025 மார்ச்சில் லண்டனில் அயர்லாந்தின் ஷானா பானனிடம் கைப்பூட்டில் சிக்கி பூஜா தோற்றார். நிற்கும்போது ஒரு கதை, தரைக்குப் போனால் வேறு கதை.

கணிக்கும் முன் பார்க்க வேண்டியவை

அப்படியென்றால் கணிப்பே வீணா? இல்லை. இவற்றை வைத்துப் பார்த்தால் குருட்டு யூகத்தைவிட நிச்சயம் மேல்:

• எதிராளிகளின் தரம்: வெற்றியின் எண்ணிக்கையைவிட, யாரை வென்றார் என்பது முக்கியம்.

• தண்ணீரா, கரையா: தரைக்கு இழுப்பவருக்கு அது கைகூடுமா? எதிராளி இதற்கு முன் எத்தனை முறை இழுபட்டிருக்கிறார்?

• எடைக் குறைப்பு: சண்டைக்கு முந்தைய நாள் எடை பார்ப்பார்கள். அதற்காக உடம்பிலிருந்து தண்ணீரை வற்றவைத்துவிட்டு, பிறகு மீட்பார்கள். எடை மேடையில் தள்ளாடுபவருக்கு மறுநாள் மூச்சு வாங்கும். ஆனால், பிரீடனை மறந்துவிடக் கூடாது.

• வயது, இடைவெளி: வயது ஏற ஏற அடி தாங்கும் சக்தி குறையும். நீண்ட நாள் ஓய்வுக்குப் பிறகு வருபவரின் வேகமும் சந்தேகம்தான்.

• கை நீளம், நிற்கும் நிலை: இடக்கைக்காரரோடு மோதுவது பலருக்குத் தலைவலி. 2015-ல் மெல்போர்னில் தோல்வி காணாத ரோண்டா ரௌசியை நாக் அவுட் செய்த ஹோலி ஹோம் ஓர் இடக்கைக்காரர். குத்துச்சண்டையில் உலகப் பட்டம் வென்றவர்.

• திடீர் மாற்று: காயத்தால் ஒருவர் விலகி, சில நாள் அவகாசத்தில் இன்னொருவர் வந்தால் பழைய கணிப்பைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும்.

செல்போனுக்குள் வரும் ‘ஜோசியர்’

இங்கேதான் வீட்டில் எல்லோரும் கவனிக்க வேண்டிய விஷயம் வருகிறது. ‘100% உறுதியான டிப்ஸ்’ என்று தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி. இந்த வாரம் இவர் ஜெயிப்பார் என்று ஒரு பெயர். இலவசம்தான். பார்த்தால் பலித்துவிடுகிறது. அடுத்த வாரமும் பலிக்கிறது. ஐந்து வாரம் தொடர்ந்து பலித்த பிறகு, ‘ஆறாவது சண்டைக்குப் பணம் கட்டுங்கள்’ என்று கேட்கிறார். இவ்வளவு சரியாகச் சொல்பவரை நம்பாமல் எப்படி?

சூட்சுமம் இதுதான். 1,024 பேரின் எண்ணை வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் 512 பேருக்கு ‘சிவப்பு மூலைக்காரர் ஜெயிப்பார்’ என்றும், மற்ற 512 பேருக்கு ‘நீல மூலைக்காரர் ஜெயிப்பார்’ என்றும் அனுப்புவார். யார் ஜெயித்தாலும் 512 பேருக்குப் பலித்திருக்கும். தவறிய பாதியை விட்டுவிட்டு, மீதியை மறுபடி இரண்டாகப் பிரிப்பார். 256, 128, 64, 32. ஐந்து வாரம் முடிந்தபோது 32 பேர் கண்ணுக்கு அவர் தீர்க்கதரிசி. அவருக்கு எம்.எம்.ஏ. பற்றி எதுவுமே தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஏமாந்த 32 பேருக்கும் மற்ற 992 பேர் இருப்பதே தெரியாது.

டிப்ஸ்காரர் இல்லாவிட்டாலும் பந்தயக் கணக்கு நம் பக்கம் நிற்காது. சம பலமுள்ள இரண்டு பேர் மோதும் சண்டையில் 100 ரூபாய் கட்டினால், ஜெயித்தால் 190 ரூபாய் தருவதாக ஒரு தளம் சொல்கிறது என்று கொள்வோம். அப்படி 100 சண்டைக்குக் கட்டினால் முதல் 10,000 ரூபாய். பாதி பலித்தால் கைக்கு வருவது 9,500. 500 ரூபாய் சத்தமில்லாமல் போய்விடும்.

‘ஐந்து சண்டையும் சரியாகச் சொன்னால் பெரிய பரிசு’ என்ற ஆசை இன்னும் மோசம். ஒவ்வொரு சண்டையிலும் உங்கள் கணிப்பு 100-க்கு 70 முறை பலிக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தும் சேர்ந்து பலிக்கும் வாய்ப்பு 100-க்கு சுமார் 17 தான்.

சட்டமும் இதை அனுமதிக்கவில்லை. தமிழ்நாட்டில் இணையவழி சூதாட்டத்தைத் தடைசெய்யும் 2022-ம் ஆண்டுச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. அதன்படி ஆடுபவருக்கே 3 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமை விளையாட்டா, அதிர்ஷ்ட விளையாட்டா என்ற பேதமே பார்க்காமல் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்கிறது. ‘இது திறமைப்பா, சூது இல்லை’ என்ற பழைய சமாதானம் இனி செல்லாது.

பணத்தை இழந்துவிட்டால் வீட்டில் மறைத்து, அதை மீட்க இன்னொரு கடன் வாங்குவதுதான் பெரிய ஆபத்து. இணைய மோசடி என்றால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம். மனம் உடைந்திருந்தால் 104-ஐ அழைத்துப் பேசலாம். பிள்ளை சொல்லும்போது முதல் வார்த்தையிலேயே திட்டாமல் காது கொடுத்துக் கேட்பது பெற்றோர் செய்யக்கூடிய பெரிய உதவி.

ஒரு நோட்டு போதும்

பணமில்லாமல் கணிப்பில் சுவாரஸ்யம் வருமா? வரும். அதற்கு ஒரு வழியை வானிலைக்காரர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். நாளைக்கு மழை வரும் என்று சொல்பவர்களில் யார் கெட்டிக்காரர் என்று அளக்க, கிளென் பிரையர் என்ற அமெரிக்க வானிலை ஆய்வாளர் 1950-ல் ஒரு முறையைச் சொன்னார்.

செய்வது சுலபம். சண்டைக்கு முன் நோட்டில் பெயரையும் வாய்ப்பையும் எழுதுங்கள். 70% என்றால் 0.7. அவர் ஜெயித்தால் 1, தோற்றால் 0. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அதே எண்ணால் பெருக்குங்கள். ஜெயித்தால் வித்தியாசம் 0.3, பெருக்கினால் 0.09. தோற்றால் வித்தியாசம் 0.7, பெருக்கினால் 0.49. இருபது, முப்பது சண்டைகளுக்குப் பிறகு சராசரி எடுங்கள். எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. எதையுமே யோசிக்காமல் எல்லாவற்றுக்கும் 50% என்று எழுதினாலே 0.25 வந்துவிடும். அதைவிடக் குறைந்தால்தான் நீங்கள் கணிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

‘100% நிச்சயம்’ என்று எழுதித் தவறியவருக்கு முழுதாக 1 விழும். ஒரே அடியில் சராசரி எகிறிவிடும். அடுத்த முறை பேனாவை எடுக்கும்போது கை தானாக 80-க்கோ 70-க்கோ இறங்கும். வீட்டில் எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளை இருந்தால் கணக்குப் போடும் பொறுப்பை அவரிடமே கொடுத்துவிடலாம்.

சந்தைக்குப் பல வருடமாக வரும் வியாபாரியும் இதைத்தான் செய்கிறார், நோட்டு இல்லாமல். கை சொன்ன எடையும் தராசு காட்டிய எடையும் எவ்வளவு தள்ளி இருந்தன என்று மனதில் குறித்துவைத்துக்கொள்வார். அடுத்த செவ்வாய்க்கிழமை ஆட்டின் முதுகில் கை வைக்கும்போது, “பன்னிரண்டு தேறும். முன்னே பின்னே ஒரு கிலோ இருக்கும்” என்பார். அந்த ‘முன்னே பின்னே’யைச் சொல்லத் தெரிந்தவரை நம்பலாம்.